கொம்பாடியின் பழம்பகல்

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுரங்கத்தின் தெற்கு முகத்தில் சக்கர இயந்திரம் கரியை அரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு மத்தியானம் வெளியே வந்தது.

அது எந்தக் காலத்து மத்தியானம் என்று சொல்ல ஆள் கிடையாது. மனிதர் என்று ஒருவர்கூட இல்லாத நாளில், எங்கள் கொம்பாடி இருக்கிற இடத்தில், கடலை ஒட்டி ஒரு காடு நின்றிருக்கிறது. அந்தக் காட்டு மரங்கள் வேறு வேலையே இல்லாமல் வெயிலைக் குடித்துக் குடித்துப் பெருத்து, பெருத்துச் சாய்ந்து, சாய்ந்து சேற்றில் அமிழ்ந்து, சேற்றின் மேல் மணல் விழுந்து, மணலின் மேல் களிமண் விழுந்து, களிமண்ணின் மேல் எங்கள் முன்னோர் வரகும் மணிலாக் கடலையும் விதைத்து, கல்யாணம் செய்து, பங்காளிச் சண்டை போட்டு, செத்து, அதே மண்ணில் புதைந்துகொண்டிருந்த காலமெல்லாம், முந்நூறு அடிக்குக் கீழே பழுப்புக் கரியாக இறுகிக் கிடந்திருக்கின்றன. மரம் கரியாகிவிட்டது, சரி. குடித்த வெயில் எங்கே போகும்? அது உள்ளேயேதான் இருந்திருக்கிறது. கம்பெனி வந்து ஊரைத் தள்ளி வைத்து, மண்ணைத் தள்ளி வைத்து, கரியை வெட்டி எடுத்து அனல்நிலையத்தில் கொட்டி எரித்துக்கொண்டே போனதில், ஒருநாள் அந்த வெயிலின் மேல் கத்தி பட்டுவிட்டது.

அன்றைக்கு ஆறு மணிச் சங்கு ஊதியது. சூரியன் வழக்கம்போல மேற்கே இறங்கியது. ஆனால் இருட்டவில்லை. குழியிலிருந்து மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம், ஊறிப்போன இலைச் சருகின் வாசனையோடு எழும்பி, கம்பெனி எங்களைக் குடிவைத்த காலனி முழுக்க நின்றது. வெளிச்சம் கீழேயிருந்து வந்ததால் எங்கள் நிழல்கள் தரையில் விழாமல் மேலே ஏறிக் கூரையில் ஒட்டிக்கொண்டன. சோறு தின்னும்போது அண்ணாந்து பார்த்தால், நம் தலைக்கு மேல் நாமே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்போம். இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் அதற்குப் பழம்பகல் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்துவிட்டால் எங்கள் ஊரில் எதுவும் பழகிவிடும். கம்பெனிக்கே அப்படித்தான் பழகினோம்.

முதல் ஆறு மாதம் எங்களுக்குக் கொண்டாட்டம்தான், அதை மறைத்துப் பயனில்லை. பாம்பு பயம் போயிற்று. திருட்டு பயம் போயிற்று. வீட்டில் பல்பு போடுகிற வேலையே இல்லை. டீக்கடை கொளஞ்சி கடைக்கு அடைப்புப் பலகை எதற்கு என்று அதை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டான். "இருட்டுன்னா என்னாடா பெருசா? வெளிச்சம் இல்லாத எடம். அவ்ளோதான். போனா போவட்டும்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். கம்பெனி பள்ளத்தின் விளிம்பில் சூரியத் தகடுகளை வரிசையாக நட்டு, அவற்றின் முகத்தைச் சூரியனுக்குக் காட்டாமல் குழிக்குக் காட்டியது.

பிறகு ஒவ்வொன்றாக ஒழுங்கு கெட ஆரம்பித்தது. சேவல்கள் எப்போது கூவுவது என்று தெரியாமல் எப்போதும் கூவி, தொண்டை கட்டி, கடைசியில் கூவுவதையே விட்டன. மல்லிகை மொட்டு மொட்டாகவே பழுத்து உதிர்ந்தது. சம்பா பயிர் இடுப்பு உயரம் பச்சைப்பசேல் என்று வளர்ந்து நின்றதே தவிர கதிர் வரவில்லை. வேளாண்மை அதிகாரி வந்து பார்த்துவிட்டு, நீண்ட இரவைக் கண்டால்தான் இது பூக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். திரௌபதை அம்மன் திருவிழாவில் கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆட வந்தார்கள். விடிவதற்கு இருட்டு வேண்டுமே? அர்ச்சுனன் முகத்து அரிதாரத்துக்குக் கீழே வேர்க்குருவும், கிரீடத்தில் ஒட்டிய சிகரெட் அட்டையும் பளிச்சென்று தெரிந்தன. அவர் பாதிப் பாட்டில் நிறுத்தி, எங்களைப் பார்த்து, கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

தூக்கம் போனது முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லோருக்கும் கை பரபரத்தது. வெள்ளையடித்த வீட்டுக்கே மறுபடி மறுபடி வெள்ளையடித்தோம். தேவையில்லாத இடத்தில் சுவர் எழுப்பி, எழுப்பிய சுவரை இடித்தோம். பெண்கள் அரைத்த மாவையே மறுபடி அரைத்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் எங்கே என்று தெரியவில்லை. காலனித் தெருவில் எந்நேரமும் ஜனங்கள் எதிரும் புதிருமாக நடந்துகொண்டே இருந்தார்கள். மோதிக்கொண்டால் சண்டை போட்டார்கள். என்ன சண்டை என்று மறந்துபோய் மீண்டும் நடந்தார்கள். கட்டிலுக்கடியிலும் நெல்குதிருக்குள்ளும் புகுந்து பார்த்தோம். கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் அந்த மஞ்சள் நின்றது. வெளியூருக்குப் போய்ப் படுத்தவர்களுக்கும் அதே கதிதான், அவரவர் பங்குப் பகலை அவரவர் கண்ணிலேயே சுமந்துகொண்டு போனார்கள். கம்பெனி கண்ணுக்குக் கட்டிக்கொள்ள ஆளுக்கு இரண்டு கறுப்புத் துணி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டது.

கிணறுகளைக் கண்டுபிடித்தவன் கொளஞ்சிதான். அவனுடைய ஆடு வன்னிமரத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. எடுக்க இறங்கியவன் ஏறவில்லை. தேடிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தால், நாற்பது அடிக்குக் கீழே ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

காலனியைச் சுற்றி மிச்சமிருந்த நிலத்தில் அப்படிப் பதினொரு கிணறுகள் இருந்தன. எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் தளும்பியவை. கரிக்கு அடியில் ஒரு பெரிய நீர் இருக்கிறது, அது மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும், இரவும் பகலும் இறைக்காவிட்டால் குழியின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் கம்பெனி இறைத்தது. இறைக்க இறைக்க எங்கள் கிணறுகள் வற்றின. அன்றைக்கு அதற்காக மறியல் செய்து போலீஸ் வேனில் ஏறினோம். இப்போது அந்த வறண்ட கிணறுகள்தான் எங்களுக்குப் படுக்கையறை ஆயின. கிணற்று வாயைத் தார்ப்பாயாலும் கீற்றாலும் மூடினோம். இரும்பு ஏணி இறக்கினோம். மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை ஊதுகிற சங்குக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்தோம். அடியில் பாயை விரித்துப் படுத்தால் கண்ணுக்குள் இருந்த பகல்கூட மெல்ல வடிந்து மண்ணில் இறங்கிவிடும். அப்படித்தான் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தோம்.

நான் சொல்ல வந்தது பழமலையைப் பற்றி.

பழமலை, சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை இயக்குபவன், ஒப்பந்தக் கூலி. அவனுடைய அப்பா மூன்று காணி நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு மகனுக்கு வாங்கிய வேலை அது. அறுபத்திரண்டு மோட்டார்கள் அவன் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: எது நின்றாலும் மோட்டார் நிற்கக் கூடாது. அந்த இரைச்சலில் காது உதவாது. குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினொரு வருஷம் அப்படி வைத்து வைத்து அவனுடைய வலது உள்ளங்கை, வேலை இல்லாதபோதும் அதிர்ந்துகொண்டே இருந்தது. டம்ளரைப் பிடித்தால் டீயில் வளையம் வளையமாக அலை எழும்பும்.

பழம்பகல் வந்த நாலாவது மாதம் அவன் மனைவி விருத்தாம்பாளுக்குப் பெண் பிறந்தது. காலண்டரில் அன்றைக்கு முழுநிலா என்று போட்டிருந்ததால், யாரும் நிலாவைப் பார்க்காவிட்டாலும், பௌர்ணமி என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்காவது தூக்கம் எப்படி இருக்கும் என்று ஞாபகம் இருந்தது. அந்தக் குழந்தைக்கு அதுவும் இல்லை. கிணற்றுக்கு வெளியே அவள் ஒரு நிமிஷம்கூடக் கண்ணயரமாட்டாள். மஞ்சள் விழிகளைத் திறந்தபடி கூரையில் தன் நிழலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வயதில் முதல் வலிப்பு வந்தது. ஒன்றரை வயதில் இரண்டாவது. "நான் மாத்திரை எழுதிக் கொடுப்பேன், இருட்டை எங்கேயிருந்து எழுதிக் கொடுப்பேன்?" என்று கேட்ட டாக்டர், மூன்றாவது வந்தால் குழந்தை தாங்காது என்பதையும் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு நாங்கள் ஆளாளுக்கு எங்கள் முறையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். எங்களிடம் கொடுப்பதற்கு இருந்தது அந்த இருட்டுதான். கிணற்றடியில் குழந்தை தூங்கும்போது பழமலை ஆசையாகத் தொடப்போவான். விருத்தாம்பாள் கையைத் தட்டிவிடுவாள். "அந்தக் கைய எடு மாமா. புள்ள முழிச்சுக்கும்." பெற்ற பிள்ளையின் மேல் கை வைக்க முடியாதவன் அந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான்.

ஆனால் குழி நகர்ந்துகொண்டே இருந்தது. கரிப்படுகை எங்கள் காலுக்கடியிலும் ஓடுகிறது அல்லவா, வெட்ட வெட்டப் பழம்பகல் மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து கிணறுகளின் சுவர்களில் கசிய ஆரம்பித்தது. ஒன்று போயிற்று, மூன்று போயிற்று, ஏழு போயிற்று. மூன்றாவது புரட்டாசியில் வன்னிமரத்துக் கிணறு மட்டும்தான் மிஞ்சியது. ஒருநாள் விருத்தாம்பாள் அதிலிருந்து ஏறி வந்து புருஷன் எதிரில் நின்றாள்.

"அந்தக் கெணத்துலயும் வந்துருச்சு மாமா."

"எங்க?"

"தெக்கால செவுத்துல. நூலாட்டம். இன்னைக்கு நூலு, நாளைக்குக் கயிறு."

"பாப்பம். வேற எடம் தேடலாம்."

"எங்க இருக்குது வேற எடம்? மூணாவது வந்தா புள்ள தாங்காதுன்னு டாக்டரு சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சா?"

பழமலைக்கு ஒரு விஷயம் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. போன கோடையில் தெற்கு மூலை மோட்டார் ஒன்று பழுதாகி ஒரு மணிநேரம் நின்றது. அந்த மூலையில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிக் கரியை மூடியதும், அந்த இடத்தில் மட்டும் பழம்பகல் அணைந்து, ஒரு பாய் அகலத்துக்கு இருட்டு விழுந்தது. பழமலை அதற்குள் போய் நின்றான். நின்றபடியே இரண்டு நிமிஷம் தூங்கினான். மோட்டாரைச் சரிசெய்தவுடன் தண்ணீர் வடிந்தது, இருட்டும் வடிந்தது.

மறுநாள் அவன் ஷிப்ட் அதிகாரி தாமோதரனிடம் போனான். தாமோதரன் கெட்டவர் இல்லை. தூங்காத மனிதர், அவ்வளவுதான்.

"சார், தெக்கு முகத்த மட்டும் ஒரு வாரம் தண்ணியில வுட்டுப் பாக்கலாம் சார். வெளிச்சம் அடங்குது. நான் கண்ணால பாத்தேன்."

"தண்ணிய விட்டா ஒரு முகம் மட்டுமாய்யா போகும்? சுரங்கமே போயிடும். எட்டாயிரம் பேர் சோறு."

"புள்ளைக்கு ஒடம்பு முடியல சார்."

"எனக்கும் புள்ளைங்க இருக்கு. அதுங்களும் தூங்கல. என்ன பண்ணச் சொல்ற?" என்றவர் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னும் இரண்டு கறுப்புத் துணிகளை எடுத்துக் கொடுத்தார்.

எட்டாயிரம் பேர் சோறு என்பது பொய் இல்லை. அதில் பழமலையின் சோறும் உண்டு, என்னுடையதும் உண்டு. அவன் அந்தத் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு குழியைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் நடந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து ஆயுத பூசை வந்தது.

எங்கள் சுரங்கத்தில் தீபாவளிக்குக்கூட வேலை நிற்காது. ஆயுத பூசைக்கு மட்டும் நிற்கும். சக்கர இயந்திரத்தைக் கழுவி, ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள். பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலை மறுபடி சூடம் காட்டி எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. வைத்தவன்தான் எடுக்க வேண்டும். பொரி கொறித்தபடி வெளிநாட்டு இன்ஜினியர்கூட அன்றைக்கு ஸ்பானரைத் தொடமாட்டார். மோட்டார்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அவற்றுக்கு ஓடஓடவே பொட்டு வைப்போம்.

அன்று மத்தியானம் பழமலை வேலைக்கு வந்தான். குழியிலிருந்து ஏறியவர்களை வாசல் பதிவேட்டை வைத்துக்கொண்டு தலை தலையாக எண்ணினான். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினான். கூட வேலை பார்த்த இருவரைச் சுண்டல் வாங்கி வரச் சொல்லி அனுப்பினான். நாலு மணிக்குத் தொடங்கி, ஒவ்வொரு குழாயின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து அறுபத்திரண்டு வரைக்கும் எல்லா மோட்டார்களையும் நிறுத்தினான். கடைசிக் குழாய் கைக்கடியில் ஒருமுறை விக்கிவிட்டு அடங்கியது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அப்பாவின் மூன்று காணியை நினைத்து அவன் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதிருக்கிறான், பிறகு அவனே சொன்னான். அழுது முடித்து, கையைக் கழுவி, மெயின் ஸ்விட்சைத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை சொருகி, எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் வைத்து, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் தாமோதரன் ஓடிவந்தார். காவலாளியும் பின்னாலேயே வந்தான். ஜன்னல் வழியே பார்த்தால் குழிக்குள் தண்ணீர் பாளம் பாளமாக ஏறிக்கொண்டிருந்தது. தாமோதரன் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார், பூச போட்டிருக்கு சார்" என்றான் காவலாளி.

அவருடைய விரல் குங்குமத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வருஷா வருஷம் தன் காருக்கும் பேனாவுக்கும் பூசை போட்டவர்தான் அவர். அதோடு, கீழே தெற்கு முகம் முழுக்க அணைந்து, அங்கிருந்து ஒரு துண்டு இருட்டு ஏறி வந்து ஜன்னல் வழியாக அவர் சட்டையின் மேல் விழுந்திருந்தது. அவருக்கு ஒரு கொட்டாவி வந்தது. கையை இறக்கினார். தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். "பூஜையில இருக்கு. காலைல எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இதற்குள் பழமலை சைக்கிளில் பாதி வழி வந்துவிட்டான். ஆறு மணிச் சங்கு ஊதியது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, குழி வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது, வழியில் இருந்த வீடுகளில் கூரையோடு ஒட்டிக்கிடந்த நிழல்கள் ஒவ்வொன்றாகச் சுவர் வழியே இறங்கித் தரைக்கு வந்தன. ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பழமலைக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அப்போதுதான் சாலையோரக் கிணற்றிலிருந்து ஒரு தவளை கத்தியது.

இரண்டு வருஷமாக, இல்லை, பதினைந்து வருஷமாக அந்தக் கிணற்றில் தவளை இல்லை. பழமலை சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தான். அடியில் தண்ணீர் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணியின் ஒரு படியை விழுங்கி அடுத்த படிக்கு வந்தது.

மோட்டார் ஓடினால் கிணறு வற்றும். மோட்டார் நின்றால் கிணறு ஊறும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. குழியில் இறங்கிய ஆட்களை இரண்டு தடவை எண்ணியவன், கிணற்றில் இறங்கிய ஆட்களை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பூசை நாள், எல்லோரும் மேலேதான் இருப்பார்கள் என்று அவன் நினைத்தான். பெரும்பாலும் சரிதான், பத்துக் கிணறு காலி. ஆனால் அன்று மத்தியானம் பௌர்ணமிக்கு உதட்டோரம் இழுத்தது. பயந்துபோன விருத்தாம்பாள், கொளஞ்சி வீட்டு முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாலு மணிக்கே குழந்தையோடு வன்னிமரத்துக் கிணற்றில் இறங்கியிருந்தாள். மேலே காவலுக்கு உட்கார்ந்திருந்த கொளஞ்சி, தலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், காவல் இருப்பதையே மறந்து உட்கார்ந்தபடி தூங்கிவிட்டான்.

எதிரே வந்த யாரோ "ஒம் பொண்டாட்டி புள்ளயோட வன்னிமரத்துக் கெணத்துலல்ல கெடக்குது" என்று சொன்னார்கள். திரும்பிப் போய் ஸ்விட்சைப் போடுவதா, கிணற்றுக்கு ஓடுவதா என்று பழமலை ஒரு நிமிஷம் சாலையில் அங்கும் இங்கும் திரும்பினான். பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். கொல்லைகளின் குறுக்கே, கதிர் வராத சம்பாவை மிதித்துக்கொண்டு, விழுந்து, எழுந்து, வளர வளர எதிரே வந்த இருட்டுக்குள் ஓடினான். கடைசியில் வன்னிமரமே கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் வேண்டிக்கொண்ட இருட்டு அவன் முகத்துக்கு நேரே சுவராக நின்றது.

கிணற்றுக்குள் நடந்ததை விருத்தாம்பாள் சொல்லித்தான் நாங்கள் அறிவோம். பாய் ஈரமாயிற்று. குழந்தை மூத்திரம் பெய்துவிட்டது என்று நினைத்துப் பாயை மடித்துப் போட்டாள். இன்னும் ஈரம். கணுக்கால் நனைந்தது. தென்புறச் சுவரில் இருந்த மஞ்சள் நூலைத் தேடினாள், காணோம். அப்போதுதான் தண்ணீர் என்று புரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டு, முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏணியைத் தடவிப் பிடித்து ஏறினாள். நின்ற படியிலெல்லாம் பின்னாலேயே தண்ணீர் வந்து பாதத்தைத் தொட்டது. தலையால் தார்ப்பாயை முட்டித் தள்ளினாள். வெளியே வெளிச்சம் இருக்கும் என்று எதிர்பார்த்தவளுக்கு மேலேயும் அதே இருட்டாக இருந்ததால், தான் இன்னும் கிணற்றுக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்து ஏறிக்கொண்டே போனாள். அடுத்த படிக்காகக் காலைத் தூக்கித் துழாவினாள். படி இல்லை. ஒரு கையில் வன்னிமரத்தின் வேர் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, கிணறு எங்கே முடிந்தது உலகம் எங்கே தொடங்கியது என்று விளங்காமல், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து கிணற்றுமேட்டில் தடுக்கி விழுகிற சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள்.

கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கேட்டதே இல்லை.

"நாந்தான். புள்ள?"

"தூங்குது."

"இருக்குதா?"

"தூங்குதுன்னு சொல்றன்ல மாமா. மெதுவாப் பேசு."

அவன் தவழ்ந்துபோய்க் கையை நீட்டினான். பழக்கத்தில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். விருத்தாம்பாள் அந்தக் கையை இருட்டில் தேடிப் பிடித்தாள். அது அதிரவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் முதுகில் கொண்டுபோய் வைத்தாள். பௌர்ணமி ஒரு பெருமூச்சு விட்டாள், முழிக்கவில்லை. மூன்று பேரும் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள். ஊரே தூங்கியது. நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்த இடத்தில் தூங்கினார்கள். அவரவர் கண்ணுக்குள் கிடந்த பகலும் சேர்ந்து அணைந்தது.

விடிந்தபோது, பூசையை எடுக்கப் பழமலை வரவில்லை என்று தாமோதரனும் நாலைந்து அதிகாரிகளும் அவனைத் தேடிக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு வந்தார்கள். விருத்தாம்பாள் மட்டும் விழித்திருந்தாள்.

"எழுப்பும்மா. வச்சவர்தான் எடுக்கணும்" என்றார் தாமோதரன்.

"நீங்க எழுப்புங்க சார்."

தாமோதரன் குனிந்தார். அப்பன் கை மகள் முதுகில் இருந்தது, இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். பிறகு வன்னிமரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். தூங்குகிறவனை எழுப்ப அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை, எழுப்ப வந்தவர்களையும் எழுப்ப ஆள் இல்லை. எல்லோரும் எழுந்தபோது மூன்றாம் நாள். குழி தளும்பிக் கிடந்தது.

அதற்குப் பிறகு விசாரணை நடந்தது. தூங்கிவிட்டோம் என்று எல்லோரும் சொன்னோம், அது உண்மை. பழமலைக்கு வேலை போயிற்று. காலனியில் பாதிப் பேருக்கும் போயிற்று. பலர் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் இன்றைக்கும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொளஞ்சி அவனுக்கு டீ கொடுத்துக்கொண்டே திட்டுவான், திட்டிக்கொண்டே கொடுப்பான். சம்பா பூத்தது. மல்லிகை மலர்ந்தது. பௌர்ணமிக்கு மூன்றாவது வலிப்பு வரவே இல்லை.

கம்பெனி குழியை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்கே போய்விட்டது. நாலு ஊர் தள்ளிப் புதிதாக மண்ணை எடுக்கிறார்கள். அங்கே இன்னும் கரி தட்டவில்லை, மோட்டார்கள் மட்டும் வந்து இறங்கியிருக்கின்றன என்று சொல்கிறார்கள்.

பௌர்ணமிக்கு இப்போது நாலு வயது முடியப்போகிறது. தண்ணீர் ஏறிவிட்டதால் வன்னிமரத்துக் கிணற்று ஏணியை நாங்கள் எடுக்கவில்லை, அதை வைத்துத்தான் அவள் எண்ணப் படிக்கிறாள். காலையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே தெரிகிற படிகளை விரல் நீட்டி எண்ணுவாள். வெகுநாள் மூன்றுதான் தெரிந்தது. மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நேற்று நான் தண்ணீர் மொள்ளப் போயிருந்தேன். அவள் எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அப்பா, முந்தாநாளு நாலு. நேத்து அஞ்சு. இன்னைக்கு ஆறுப்பா" என்றாள். பிறகு தன் விரல்களைப் பிடித்திருந்த அவன் கையைக் குனிந்து பார்த்து, "ஏம்ப்பா கை ஆடுது?" என்று கேட்டாள்.

பழமலை கையை விடுவித்துக்கொண்டு கிணற்றுக்குள் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"சரியா எண்ணுனனாப்பா?"

"சரியாத்தான் எண்ணியிருக்க" என்றான்.